படுக்கவைத்துப் பார்த்தால் எல்லாம் சரிதான்

ஒரு நினைவு மலருக்கு எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். பீர்மேட்டில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு மாதந்தோறும் வந்துபோன அறுவை மருத்துவருக்கு இப்போது நினைவு மலர் போடுகிறார்களாம். போனில் பேசிய இளம் டாக்டர் மரியாதையான பையன். "மேடம், சாரோட பழகின இனிமையான அனுபவம் நாலு எழுதிக் கொடுங்க. மலையிலேயே முதல்முதலா மார்புக்கு சிலிக்கோன் பை வெச்சவர் அவர்தானே, அது கட்டாயம் வரணும்" என்றான். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இனிமையான அனுபவம் என்று தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை. அதனால் அந்த சிலிக்கோன் பையின் கதையையே எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்காரி. நெல் விவசாயக் குடும்பம். அப்பா என்னை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியபோது ஊரில் யாரும் தடுக்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. நடவு நேரம், அவரவருக்கு வேலை இருந்தது. படித்து முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டுகள் சில சேர்ந்து நடத்திய மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தேன். பிரசவம், குடல்வால், பாம்புக்கடி, தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டிய கால் என்று எது வந்தாலும் நான்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டுக்கொண்டு நோய் வருவதில்லை என்பதை முதல் மழைக்காலத்திலேயே கற்றுக்கொண்டேன்.

பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்குக் கீழே நகரத்திலிருந்து அவர் வருவார். எல்லோரும் அவரை 'சீஃப்' என்றே சொல்வோம். பாலக்காட்டு டவுன்காரர், வெளிநாட்டில் படித்தவர். நான் பக்கத்து ஊர்க்காரி என்பதால் என்னோடு தமிழில்தான் பேசுவார். கை சுத்தமான கை, அதை நான் மறுக்கமாட்டேன். தையல் போட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் நோயாளியோடு பேசமாட்டார். கூட வந்தவரோடுதான் பேசுவார். கட்டிலில் படுத்திருக்கிறவள் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவர் அவளுடைய அண்ணனிடமோ புருஷனிடமோ, "இவ தூங்கறாளா? வலி இருக்குன்னு சொல்றாளா?" என்று கேட்பார். கூட யாரும் இல்லையென்றால் என்னிடம் கேட்பார். நான் அந்தப் பெண்ணிடம் கேட்டு அவரிடம் சொல்ல வேண்டும். மூன்று பேரும் பேசுவது ஒரே தமிழ்.

இதற்குப் பொருத்தமாக எங்கள் மேட்ரன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவர் கன்னியாஸ்திரி, திருவல்லாப் பக்கத்து மலையாளி. பெண் நோயாளியை ஆண் டாக்டர் பார்க்கும்போது அவள் படுத்திருக்க வேண்டும், கழுத்துவரை பச்சைத் துணி மூடியிருக்க வேண்டும். டாக்டர் துணிக்கு அடியில் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம், அவசியமானால் அந்த இடத்தை மட்டும் விலக்கிப் பார்க்கலாம். உட்காரவைத்தோ நிற்கவைத்தோ பார்ப்பது அங்கே கிடையாது. மானம் காப்பதற்காக ஏற்பட்ட வழக்கம்தான். எஸ்டேட்டுப் பெண்களுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. வயிற்று வலிக்கு அது போதும். மார்புக்குப் போதாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மரியபுஷ்பம் எங்களுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இருபத்தைந்து வயது இருக்கும். இடது மார்பு அவளுக்கு வளரவே இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும், நோய் ஒன்றும் இல்லை. அவள் ஜாக்கெட்டுக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போவாள்.

காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவள் என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

"கொழுந்தை எறியும்போது எறியும்போது துணி மேல ஏறிக்கிடுது டாக்டரம்மா. கங்காணி பாத்துக்கிட்டு நிக்காரு. கைய உள்ள விட்டுச் சரி பண்ணவா முடியும்? நகராம இருக்கதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

கொழுந்து எடுப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கூடை முதுகில் தொங்கும், அதன் வார் தலையில் இருக்கும். இரண்டு கையாலும் கிள்ளிக் கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் எறிய வேண்டும். திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. காலையில் தொடங்கினால் மாலைவரை கிள்ளுவதும் எறிவதும்தான். அவள் கேட்டது அழகு அல்ல. எறியும்போது நகராத ஒன்று வேண்டும் என்றாள். அவ்வளவுதான் அவள் வைத்த கோரிக்கை.

நான் சீஃபிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தபோது சில சிலிக்கோன் பைகளை வாங்கி வந்திருந்தார். ஆள் கிடைக்காமல் அவை அலமாரியில் கிடந்தன. செலவில்லாமல் செய்து தருகிறேன் என்றார். அந்தத் தாராளத்தை நான் அன்று மெச்சினேன்.

இந்த அறுவைச் சிகிச்சையில் கத்தியைவிடப் பேனா முக்கியம். பை எங்கே உட்கார வேண்டும் என்பதை நோயாளி விழித்திருக்கும்போது, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, தோல்மேல் கோடு போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இது அவருக்குத் தெரியும். அவரே எனக்கு விளக்கிச் சொன்னார். ஆனால் மேட்ரன் பச்சைத் துணியோடு வந்து நின்றதும், "சரி, மயக்கம் குடுத்தப்புறம் குறிச்சுக்கலாம்" என்று விட்டுவிட்டார். வாக்குவாதம் செய்ய அவருக்குச் சோம்பல். அவர் அவளைப் படுத்த நிலையிலேயே பார்த்தார், படுத்த நிலையிலேயே கோடு போட்டார், வெட்டினார். அந்தப் பக்கம் தோல் மெலிந்திருந்ததால் நெஞ்சுத் தசைக்கு அடியில் இடம் உண்டாக்கிப் பையை வைத்தார். தையல் கோலம் போட்ட மாதிரி இருந்தது.

கட்டுப் பிரித்துப் பார்க்கவென்றே சீஃப் பத்தாம் நாள் மறுபடி வந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது மரியபுஷ்பம் கேட்டாள்.

"ஐயா, நான் கொழுந்து எடுக்கப் போலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். "இந்தக் குட்டி என்ன கேக்கறா?"

"வேலைக்குப் போலாமான்னு கேக்குதுங்க சார்."

"பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லு. கொழுந்து எடுக்கட்டும். இலைக்கு என்ன கனம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சீஃப் சொன்னதற்குச் சிரிப்பது அங்கே டியூட்டியில் சேர்த்தி. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வாழ்நாள் முழுக்கத் தேநீர் குடித்த மனிதர், மாதந்தோறும் தேயிலைத் தோட்டத்தின் நடுவில் கார் ஓட்டி வந்த மனிதர், கொழுந்து எப்படி எடுக்கிறார்கள் என்று ஒரு நாளும் கார்க் கண்ணாடியை இறக்கிப் பார்த்ததில்லை.

அவள் அவர் சொன்னதை அப்படியே கேட்டாள். பாரம் தூக்கவில்லை. கூடை கொஞ்சம் நிறைந்ததும் பக்கத்து நிரையில் எடுப்பவள் வாங்கிக்கொள்வாள். மற்றபடி கிள்ளினாள், எறிந்தாள். அது கனத்தைப் பொறுத்த காரியமே அல்ல. கை தோளுக்கு மேலே போகும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சுத் தசை இறுகும். தசை இறுகினால் அதன் அடியில் இருக்கும் பை மேலே தள்ளப்படும். காயம் ஆறி முடியாத இடத்தில் நாளெல்லாம் இப்படி நடந்தால் என்ன ஆகும்? பை தனக்கு மேலே ஒரு வழி செய்துகொண்டது.

அடுத்த மாதம் சீஃப் வந்தபோது அவள் வந்தாள். கழுத்தெலும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்கன வந்துருது ஐயா. வலிக்குது. சாயங்காலம் படுத்தா கீழ எறங்கிருது."

மேட்ரன் அவளைப் படுக்கவைத்தார். பச்சைத் துணி போர்த்தினார். சீஃப் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கிடந்தாள். பை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. இருக்காமல் எங்கே போகும்? படுத்தால் இறங்குகிறது என்று அவளே சொல்லிவிட்டாளே.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. இவளுக்கு மனசுலதான் வேதனை" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அதற்கடுத்த மாதமும் இதே கதை. அந்த முறை அவர் கேமரா கொண்டுவந்திருந்தார். மேட்ரன் இல்லாத நேரம் பார்த்து, மரியபுஷ்பத்தைச் சுவரோரம் நிற்கவைத்து, "கையை ஆட்டாம நில்லு" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் அந்தப் படத்தைத் திரையில் காட்டிக் கைதட்டல் வாங்கினார் என்று பிற்பாடு அவரே பெருமையாகச் சொன்னார். நிற்கவைத்துப் பார்ப்பது படத்துக்கு ஆகும், வைத்தியத்துக்கு ஆகாது.

ஒரு நாள் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு பெண் தேயிலைக் காட்டிலேயே மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்தது. போனேன். அவளுக்கு ஊசி போட்டு நிமிர்ந்தபோது மேல் நிரையில் மரியபுஷ்பம் நிற்பதைப் பார்த்தேன். வலது கையால் மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தாள். இடது உள்ளங்கை நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தது. எஸ்டேட்டில் ஒற்றைக் கையால் கொழுந்து எடுக்கிறவளை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஏன் அம்மிணி இப்படிப் புடிச்சிருக்கிறே?" என்று கேட்டேன்.

அவள் சுற்றும் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். ஒரு பிடி கொழுந்தை இடது கையால் எறிந்து காட்டினாள். ஜாக்கெட்டுக்கு அடியில் அது கோழிமுட்டை மாதிரி உருண்டு கழுத்தெலும்பு வரை ஏறியது. பிறகு உடனே இறங்கவும் இல்லை.

"துணியா இருந்தா வீட்டுக்குப் போயி சரி பண்ணிக்கிடுவேன். இது உள்ளல்லா இருக்கு" என்றாள். அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்திருந்தது. கங்காணி அவளை ஒற்றைக் கைக்காரி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். இப்படியே போனால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். பேரை வெட்டினால் எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீடும் போய்விடும். அந்த வீட்டில் அவளுக்குப் படுக்கையாகக் கிடக்கும் அப்பா ஒருவர் இருந்தார்.

அடுத்த முறை சீஃப் வந்தபோது நான் முடிவோடு இருந்தேன். மரியபுஷ்பத்தைக் கூடையோடு வரச் சொல்லியிருந்தேன். மேட்ரனிடம் நேராகப் போய், "சிஸ்டர், இன்னிக்கு இந்தப் பொண்ணை உக்கார வெச்சுத்தான் பாக்கணுமுங்க. நீங்களும் கூட நில்லுங்க" என்றேன். மேட்ரன் அவளைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். பச்சைத் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த அம்மாளை அன்று முதல் எனக்குப் பிடித்தது.

சீஃப் உள்ளே வந்தார். கூடையைத் தலையில் மாட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும், "எந்தா டாக்டரே, இது என்ன நாடகம்?" என்றார்.

"அவ எறியறதை ஒரு தடவை பாருங்க சார். படுக்க வெச்சா ஒண்ணும் தெரியறதில்லீங்க."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒரு பொம்பளையை இப்படி உக்கார வெச்சுப் பாக்கறது மரியாதை இல்லை" என்றார். அவளுடைய படத்தைக் கூட்டம் நிறைந்த மண்டபத்தில் திரையில் காட்டியவர் சொன்னது இது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, மரியபுஷ்பம் எறிந்தாள். மேட்ரன் பார்த்து, "ஈசோயே" என்று இயேசுவைக் கூப்பிட்டு நெஞ்சில் கை வைத்தார். பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை.

"சார், அது கழுத்துக்கு வந்திருச்சுங்க" என்றேன்.

"வராம? வேலைக்குப் போகாதேன்னா கேக்கணும். சொல் பேச்சுக் கேக்காதவங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"நீங்கதானுங்க சார் போகச் சொன்னீங்க. இலைக்கு என்ன கனம்னு கேட்டீங்க. நான் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தனுங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை."

அப்போதுதான் மரியபுஷ்பம் வாயைத் திறந்தாள். அவரைப் பார்த்தே பேசினாள்.

"எம்மூஞ்சியப் பாத்து நீங்க ஒண்ணும் சொல்லல ஐயா. டாக்டரம்மா மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னீக. எனக்குக் காது கேக்கும். இத எடுத்துப் போடுங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

அவர் எடுக்கமாட்டேன் என்றார். நன்றாக அமைந்த ஒன்றை எடுப்பது வைத்திய முறை இல்லையாம். உண்மை என்னவென்றால், கைதட்டல் வாங்கிக் கொடுத்த பையை எடுத்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் ஏன் என்று யாராவது கேட்பார்கள். அவர் கார் மலையிறங்கும் சத்தம் கேட்கும்வரை நான் அந்த அறையிலேயே நின்றேன். மேட்ரன் பக்கத்தில் வந்து, "தியேட்டர் சாவி எண்டெ கையில் உண்டு, டாக்டர்" என்றார்.

மறுநாள் காலை நான் எடுத்தேன். கத்தி போட்டுச் சேர்த்துத் தைப்பது எனக்குத் தெரியாத வேலை இல்லை, உள்ளே போவதைவிட வெளியே வருவது எளிது. அவர் போட்ட தையல் வழியாகவே திறந்தேன். தசைக்கு அடியில் கழுத்துப் பக்கமாக ஒரு பாதையே உண்டாகியிருந்தது. பை முழுசாக வந்தது. அது மேலே போக இடமில்லாதபடி அந்தப் பாதையைத் தைத்து மூடிப் பையைத் திரும்ப வைத்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வித்தை எனக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே மனிதர் முந்தின நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணுக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டியது கிடைக்காமல் போனது அதனால்தான். இதை நான் எத்தனை வருஷமானாலும் மன்னிக்கப் போவதில்லை.

மயக்கம் தெளிந்ததும் அவள் பையைக் கேட்டாள். கழுவி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். "எதுக்கு அம்மிணி?" என்றேன். "என்னையப் போட்டு இந்தப் பாடு படுத்தினது எதுன்னு நான் பாக்க வேண்டாமா?" என்றாள். இம்முறை அவள் தோளுக்கு மேலே கையைத் தூக்கக் கூடாது என்பதை அவளிடமே சொன்னேன், மேட்ரன் தன் பங்குக்கு எஸ்டேட் மேனேஜரின் மனைவியைப் பிடித்து, காயம் ஆறும்வரை அவளுக்குப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். பேர் வெட்டுப்படவில்லை.

சீஃப் அடுத்த முறை வந்ததும் விஷயம் தெரிந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காயம் ஆறியதா, அந்தப் பெண் எப்படி இருக்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"பை நல்ல நிலையில இருக்கா?"

"அந்தப் பொண்ணு வாங்கிட்டுப் போயிருச்சுங்க."

"அதை எப்படிக் குடுத்தே? வெளிநாட்டுச் சாமானாக்கும். வேகவெச்சு வேற ஆளுக்கு வைக்கலாமே."

வேறு ஆளுக்கு. இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத வார்த்தை இல்லை. அதைவிட மோசம், உடனே மருத்துவமனை ஜீப்பை லயத்துக்கு அனுப்பினார். கழுத்தில் பையை வைத்துக்கொண்டு மாதாமாதம் மலைப்பாதையில் பஸ்ஸுக்குக் காத்து நின்று வந்தவளுக்கு ஒரு நாளும் கிடைக்காத ஜீப் அது. போன அட்டெண்டர் சற்று நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார். நானும் மேட்ரனும் நர்சுகளும் நின்றுகொண்டிருந்தோம்.

"குடுக்கலையா?" என்றார் சீஃப்.

அட்டெண்டர் தலையைச் சொறிந்தார். அவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சொல்லலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். சொல்லுங்க என்றேன்.

"அந்தப் புள்ள சொல்லுது, ஐயாவே வந்து வாங்கிக்கிடட்டுமாம். நாளைக்கழிச்சு மறுபடி காட்டுல எறங்குதாம். வந்து, அது கொழுந்து எடுக்கறத ஒரு நாப்பூரா நின்னு பாத்துட்டு, அப்புறம் கேட்டா குடுக்குமாம்."

யாரும் சிரிக்கவில்லை. ஜீப்பின் என்ஜினை டிரைவர் நிறுத்தாமல் வைத்திருந்தார். சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு டிரைவரிடம், "ஆஃப் பண்ணு" என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய், முதல் கட்டிலில் கிடந்த பெண்ணின் புருஷனிடம், "இவ தூங்கறாளா?" என்று கேட்டார்.